ராஜாஜியும் சுதந்திராக் கட்சியும் கம்யூனிஸ்ட் எதிர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி என்று பேச்சை எடுத்தாலே இரண்டு பேர் கிளம்பிவிடுவார்கள். ஒருவர், "1991-ல் நடந்த பொருளாதாரத் தாராளமயத்தை ராஜாஜி முப்பது வருஷம் முன்னாலேயே சொல்லிவிட்டார்" என்பார். இன்னொருவர், "அது ராஜாக்களும் மிராசுதாரர்களும் வைத்திருந்த கட்சி, விடுங்கள்" என்பார். இந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளுங்கட்சி அரசாங்கத்தை வைத்தே தன்னை வளர்த்துக்கொள்கிறது என்று ராஜாஜி சொன்ன குற்றச்சாட்டு சரி. அதைச் சொல்ல கம்யூனிஸ்ட் பயம் தேவைப்படவில்லை. அந்தப் பயம்தான் அவரையே பலமுறை தடுமாற வைத்தது.

சுதந்திராக் கட்சி எதற்காகத் தொடங்கப்பட்டது?

1955 ஜனவரியில் சென்னைக்கு வெளியே ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயமே நம் இலக்கு என்று தீர்மானம் போட்டது. அடுத்த வருஷம் ஆயுள் காப்பீடு அரசுடைமை ஆனது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் தொடங்கியது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவர்கள்கூட 1959 ஜனவரியில் நாகபுரி மாநாடு போட்ட தீர்மானத்தைப் பொறுக்கவில்லை. இந்திய விவசாயத்தின் எதிர்காலம் கூட்டுறவுக் கூட்டுப் பண்ணைதான் என்றது அது. அதே மேடையில் அதை எதிர்த்துப் பேசியவர் சரண் சிங், அவரும் காங்கிரஸ்காரர்தான்.

அந்த ஜூன் மாதம் சென்னையில் புதுக் கட்சி அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் பம்பாயில் மாநாடு. ராஜாஜிக்கு அப்போது வயது 80. என்.ஜி. ரங்கா தலைவர், மினு மசானி பொதுச் செயலாளர், கே.எம். முன்ஷி இன்னொரு பெருந்தலை. சின்னம் நட்சத்திரம்.

கூட்டுறவு நல்ல விஷயம்தானே? அதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

விதை, உரம், கடன் இவற்றுக்கான கூட்டுறவுச் சங்கங்களை அவர்களும் எதிர்க்கவில்லை. நாகபுரித் தீர்மானம் அதைத் தாண்டிப் போனது. நிலத்தைச் சேர்த்துப் பயிரிட வேண்டும், உரிமை பட்டாதாரரிடமே இருக்கும், விளைச்சலில் நிலத்துக்கு ஏற்ற பங்கு கிடைக்கும் என்றது. காகிதத்தில் பார்த்தால் யாருடைய நிலமும் பறிபோகவில்லை. ஆனால் என்ன விதைப்பது, எப்போது அறுப்பது, யாருக்கு விற்பது என்பதை முடிவு செய்வது யார்? சங்கம். சங்கத்தைக் கையில் வைத்திருப்பது யார்? ஊரில் இருக்கும் ஆளுங்கட்சிக்காரர்.

ரஷ்யாவில் 1929-க்குப் பிறகு விவசாயிகளைக் கூட்டுப் பண்ணைக்குள் தள்ளியதும், அதைத் தொடர்ந்து உக்ரைனில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்ததும் மசானி போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். சீனாவின் கம்யூன்கள் 1958-ல்தான் தொடங்கியிருந்தன. அந்த நிழலில் வைத்துத்தான் நாகபுரித் தீர்மானத்தைப் பார்த்தார்கள். நேரு ஸ்டாலின் இல்லை, கட்டாயம் இருக்காது என்றும் சொன்னார். அதை நம்பாதவர்கள் பலர். கடைசியில் கூட்டுப் பண்ணை இந்தியாவில் பெரிதாக வரவே இல்லை. அதைத் தடுத்ததில் சுதந்திராவுக்குப் பங்கு உண்டு, காங்கிரசுக்குள்ளேயே இருந்த நிலக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

'பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்' என்றாரே, நடைமுறையில் அது எப்படி இருந்தது?

1960 வாக்கில் கோயம்புத்தூரில் மில் வைத்திருக்கும் ஒருவர் ஆலையைக் கணிசமாக விரிவுபடுத்த நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1951-ஆம் வருஷத்துத் தொழில் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டப்படி, புதுத் தொழிற்சாலைக்கும் லைசென்ஸ் வேண்டும், பெரிய விரிவாக்கத்துக்கும் வேண்டும், புதுப் பொருள் தயாரிக்கவும் வேண்டும். விண்ணப்பம் டெல்லிக்குப் போகும். அது கிடைத்துவிட்டால் வெளிநாட்டு இயந்திரத்துக்கு இறக்குமதி லைசென்ஸ் தனி. அதற்கான அந்நியச் செலாவணிக்கு இன்னொரு அனுமதி. பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டுவதென்றால் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் சம்மதம். அப்புறம் சிமெண்டுக்கும் இரும்புக்கும் கோட்டா. டெல்லியில் ஆள் வைத்துக்கொள்ள முடிந்த பெரிய நிறுவனம் தாக்குப்பிடிக்கும். சின்ன ஆள் வாசலிலேயே நிற்பார்.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்லும் கதைதான். ராஜாஜி பிடித்த இடம் இதற்கு அடுத்தது. இத்தனை கையெழுத்துக்கும் காத்திருக்கும் முதலாளியிடம் தேர்தல் சமயத்தில் கட்சி நிதி கேட்டு ஒருவர் வருவார். அவர் மிரட்டவே வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும். கையெழுத்துப் போடும் மந்திரி எந்தக் கட்சியோ நிதி கேட்பதும் அதே கட்சி. இப்படிக் கட்டுப்பாடு கூடக்கூட ஆளுங்கட்சியின் கஜானா நிறையும், எதிர்க்கட்சி பட்டினி கிடக்கும் என்பது அவர் வாதம். சோஷலிசத்தின் பெயரால் கொண்டுவந்த கட்டுப்பாடு ஏழைக்குப் போய்ச் சேர்வதற்கு முன் கட்சிக்குப் போய்ச் சேர்கிறது என்றார்.

இது வெறும் கற்பனை இல்லை. அரசுடைமையான எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் நொடித்துப்போன கம்பெனிகளின் பங்குகளை 1957-ல் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. அதை நாடாளுமன்றத்தில் அம்பலப்படுத்தியவர் காங்கிரஸ் உறுப்பினரான ஃபெரோஸ் காந்தி. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். விசாரணை நடத்திய நீதிபதி எம்.சி. சாக்ளா அதே காலத்தில் இன்னொரு வழக்கிலும், கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் கொடுப்பது ஜனநாயகத்தையே மூழ்கடிக்கக்கூடிய ஆபத்து என்று எச்சரித்திருந்தார்.

ஒரு விஷயத்தைச் சுதந்திரா அபிமானிகள் விட்டுவிடுவார்கள். 1961-ல் ஜே.ஆர்.டி. டாடா நேருவுக்குக் கடிதம் எழுதி, காங்கிரசுக்குக் கொடுப்பதோடு சுதந்திராவுக்கும் நிதி கொடுக்கப்போவதாகச் சொன்னார். முதலாளிப் பணம் இந்தப் பக்கமும் வந்தது.

அப்படியானால் ராஜாஜிக்கு முதல் எதிரி காங்கிரசா, கம்யூனிஸ்டா?

1952-ல் கேட்டிருந்தால் அவரே பதில் சொல்லியிருப்பார். அந்த வருஷம் சென்னை மாகாணத் தேர்தலில் காங்கிரசுக்கு 375 இடங்களில் 152தான் கிடைத்தது. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்தார்கள், அதில் பெரும்பகுதி ஆந்திரப் பகுதியில். சென்னை வண்ணாரப்பேட்டையில் ஜீவா ஜெயித்தார். எதிர்க்கட்சிகள் எல்லாம் ஆந்திரத் தலைவர் டி. பிரகாசம் தலைமையில் சேர்ந்து, பெரும்பான்மை எங்களிடம் இருக்கிறது என்றன. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவர்களைக் கூப்பிடவில்லை. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டு, ஏப்ரல் 10-ஆம் தேதி முதல்வரானார். மேலவை வழியாக வந்ததை நேருவே ரசிக்கவில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றத்துக்குப் போனார், வழக்கு தள்ளுபடி ஆயிற்று. வன்னியர் கட்சிகளில் ஒன்றான காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார், சுயேச்சைகள் பலர் வந்து சேர்ந்தார்கள், எண்ணிக்கை சரியானது.

சட்டசபையில் ராஜாஜி மூடி மறைக்கவில்லை. கம்யூனிஸ்டுகள்தான் தனக்கு முதல் எதிரி, தானும் அவர்களுக்கு முதல் எதிரி, இதுதான் தன் கொள்கை என்று நேருக்கு நேர் சொன்னார். பொதுப்பணித் துறையை இரண்டாவது எதிரி என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டாவதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. எனக்கு அதுதான் சுவாரசியம். அரசாங்கத்தின் தலைவரே அரசாங்கத் துறை ஒன்றின் ஊழலைக் கம்யூனிஸ்டுகளுக்கு அடுத்தபடியாக வைக்கிறார். பிற்காலத்து ராஜாஜியின் விதை அங்கேதான் இருக்கிறது.

அதே வருஷம் ஜூனில் அரிசிக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் எடுத்தார். பஞ்ச காலம், அரிசி பதுங்கிக் கிடந்தது, பலரும் பயந்தார்கள். மத்திய உணவு மந்திரி ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். பதுங்கிய அரிசி கடைக்கு வந்தது. கட்டுப்பாடு போனால் சரக்கு வரும் என்ற நம்பிக்கை அவருக்கு அங்கே உறுதிப்பட்டது. 1959-ல் முதல் எதிரியின் இடத்தில் காங்கிரஸ் உட்கார்ந்திருந்தது.

கம்யூனிஸ்டுகள் மேல் இருந்த பயம் நியாயமா?

1948-க்கும் 1951-க்கும் இடையில், ஓரளவு நியாயம். கல்கத்தாவில் நடந்த கட்சியின் இரண்டாவது மாநாடு பி.டி. ரணதிவே தலைமையில் கிளர்ச்சிப் பாதையை எடுத்தது. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் 1951 வரை நீண்டது. மேலே எடுக்கும் முடிவுக்குக் கீழே எல்லாரும் கட்டுப்பட வேண்டும் என்ற அவர்களுடைய அமைப்பு முறை, ஆட்சிக்கு வந்தால் நாட்டையும் அப்படியே நடத்துமோ என்ற சந்தேகத்தைக் கிளப்பியது. உலகத்தில் அவர்கள் ஆட்சிக்கு வந்த இடங்களில் மறுபடி சுதந்திரமான தேர்தல் நடக்கவில்லை என்பதும் உண்மை.

ஆனால் 1952-ல் அவர்கள் ஓட்டுக் கேட்டுத்தான் சபைக்குள் வந்தார்கள். 1957-ல் கேரளத்தில் ஓட்டு வாங்கித்தான் கம்யூனிஸ்ட் தலைவர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு ஆட்சி அமைத்தார். நிலச் சட்டமும் கல்விச் சட்டமும் கொண்டுவந்தார். எதிர்ப்புக் கிளம்பியது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. 1959 ஜூலை 31 அன்று டெல்லி அந்த ஆட்சியைக் கலைத்தது. பெரும்பான்மை உள்ள மாநில அரசை மத்தியில் ஆளும் கட்சி கலைப்பதைவிடப் பெரிய கட்சி அதிகாரம் என்ன இருக்கிறது? மறுநாள் பம்பாயில் சுதந்திராக் கட்சி தன் மாநாட்டைத் தொடங்கியது. அரசின் அதிகாரத்துக்குக் கடிவாளம் கேட்ட மாநாடு அது.

அரசின் அதிகாரத்தைக் குறை சொன்னவர், தாமே அதைப் பிரயோகிக்கவில்லையா?

பிரயோகித்தார். பட்டேல் இறந்தபின் 1950 டிசம்பரில் மத்திய உள்துறை மந்திரியானார். விசாரணையில்லாமல் சிறையில் வைக்கும் தடுப்புக் காவல் சட்டத்தை 1951-ல் நீட்டித்தது அவர் துறை. பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் ஆட்சேபகரமான விஷயங்கள் சட்டத்தையும் அவர்தான் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் இடதுசாரிப் பத்திரிகையான 'கிராஸ் ரோட்ஸ்' சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது.

1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். அது ராஜாஜி ஆட்சியில் நடந்ததில்லை, அதை அவர் தலையில் போடுவது தவறு. ஆனால் கம்யூனிஸ்ட் என்றால் வழக்கமான சட்டம் தேவையில்லை என்ற மனநிலை அந்தக் காலத்தில் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1953-ல் ஆரம்பப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று அவர் கொண்டுவந்த திட்டம் இன்னொரு உதாரணம். குலக்கல்வி என்று பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. யாரையும் கலந்து பேசாமல் கோட்டையிலிருந்து உத்தரவு போட்டு, லட்சக்கணக்கான குடும்பங்களின் பிள்ளைகள் என்ன படிப்பது என்று முடிவு செய்தார். பிற்காலத்தில் நேருவை எதற்காகத் திட்டினாரோ அதையேதான் செய்தார். 1954 ஏப்ரலில் காமராஜர் வந்தார், திட்டம் போயிற்று.

மிராசுதாரர் கட்சி என்பது சரியா?

தமிழ்நாட்டில் முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. காரைக்குடியில் கம்பன் விழா நடத்திய சா. கணேசன் போன்ற பழைய விடுதலைப் போராட்டக்காரர்கள் அதில் இருந்தார்கள். வடக்கே நிலைமை வேறு. ஜெய்ப்பூரில் மகாராணி காயத்ரி தேவி, ஒடிசாவில் ஆர்.என். சிங் தேவ், பிகாரில் ராம்கர் ராஜா என்று அரண்மனைகளின் பலத்தில்தான் கட்சி ஜெயித்தது.

தஞ்சாவூரைப் பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கல். 1952-ல் பண்ணையாட்களையும் குத்தகைதாரர்களையும் வெளியேற்றாமல் காக்கும் அவசரச் சட்டத்தைப் போட்டது ராஜாஜிதான். மிராசுதாரர்கள் கொதித்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் தானாக வரவில்லை. பி. சீனிவாசராவும் அவருடைய தோழர்களும் சேரிகளில் போய் உட்கார்ந்து சங்கம் கட்டியதால் வந்தது. கம்யூனிஸ்டுகளின் காலடி மண்ணை எடுக்க வேண்டும் என்று போட்ட சட்டம் அது. அவர்கள் இல்லாவிட்டால் அது கோப்பிலேயே தூங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சுதந்திராவின் வாதத்தில் பெரிய ஓட்டையும் இங்கேதான். விவசாயியின் சுதந்திரம் என்று பேசும்போது அவர்கள் கண்ணில் நின்றவர் பட்டா வைத்திருப்பவர். நிலமே இல்லாதவருக்கு நேரில் தெரிந்த அதிகாரம் டெல்லி இல்லை, பண்ணை வீட்டுத் திண்ணை. கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டதில் தொடங்கிய தகராறில், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அங்கே அரசு குறைவாகத்தான் இருந்தது. அரசைக் குறைத்தால் சுதந்திரம் கூடும் என்ற சூத்திரம் அந்தத் தெருவுக்குப் பொருந்தாது. கம்யூனிஸ்டுகள் இதைச் சொன்னபோது சுதந்திராக்காரர்களிடம் சரியான பதில் இல்லை.

மசானியும் ரங்காவும் ஒரு காலத்தில் இடதுசாரிகள்தானே?

ஆமாம். மசானி 1934-ல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். உள்ளே சேர்த்துக்கொண்ட கம்யூனிஸ்டுகள் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்ததைக் கண்கூடாகப் பார்த்தவர். ரங்கா விவசாய சங்கத் தலைவர். ஜமீன்தாரி ஒழிப்பை ஆதரித்தவர்.

இவர்கள் அமெரிக்காவின் ஆட்கள் என்ற குற்றச்சாட்டு?

மசானி வெளிப்படையாகவே மேற்கத்திய சார்பு கொண்டவர். ராஜாஜியை அப்படிச் சொல்ல முடியாது. அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி 1962-ல் வாஷிங்டனுக்கே போய் கென்னடியிடம் வாதாடினார்.

1967-ல் கம்யூனிஸ்டுகளோடு ஒரே அணியில் நின்றாரே?

நின்றார். தி.மு.க. தலைமையிலான அணியில் சுதந்திராவும் இருந்தது, மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது. ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் உதயசூரியனுக்குக் குத்துங்கள் என்று பிராமணர்களிடம் ராஜாஜி சொன்னது அப்போதுதான். தி.மு.க. 137, சுதந்திரா 20, மார்க்சிஸ்ட் 11. காங்கிரஸ் 51-ல் நின்றது. 1952-ல் தன்னை எதிர்த்து வழக்குப் போட்ட ராமமூர்த்தியின் கட்சியும் தன் கட்சியும் ஒரே மேடையில்.

சந்தர்ப்பவாதம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது அவருடைய அரசியலிலேயே மிகத் தெளிவான தருணம். இருபது வருஷமாக ஒரே கட்சி ஆண்டால் அரசாங்கமும் கட்சியும் ஒன்றாகிவிடும், அதை உடைக்க யார் கூட வந்தாலும் சரி என்று முடிவு செய்தார். கம்யூனிஸ்ட் பயத்தை ஒதுக்கி வைத்த அந்த ஒரு தடவைதான் அவருடைய மூல வாதம் ஜெயித்தது. 1971-ல் இந்திரா காந்தியை எதிர்க்கக் காமராஜரோடும் கைகோத்தார். அந்தத் தடவை படுதோல்வி.

44 எம்.பி. வைத்திருந்த கட்சி எப்படிக் காணாமல் போனது?

1967-ல் மக்களவையில் சுதந்திராதான் பெரிய எதிர்க்கட்சி, ஜனசங்கத்தைவிடப் பெரியது. 1971-ல் 8 இடம். நடுவில் இந்திரா காந்தி வங்கிகளை அரசுடைமையாக்கினார், வறுமையே வெளியேறு என்றார், கம்பெனிகள் கட்சிக்கு நிதி தருவதை 1969-ல் தடை செய்தார். எதிர்க்கட்சிகளிடம் அதற்கு ஈடாக ஒரு கோஷம் இல்லை. ராஜாக்களோ கட்சிக்குக் கட்டுப்படும் ரகம் இல்லை. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி இறந்தார். 1974-ல் கட்சி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் சேர்ந்தது, நாகபுரியில் எதிர்த்துப் பேசிய அதே சரண் சிங்.

இன்றைய பா.ஜ.க.வை வாரிசு என்று சொல்லலாமா?

சொல்ல மாட்டேன். மதத்தை வைத்து ஓட்டுத் திரட்டுவது சுதந்திராவின் வேலைத்திட்டத்தில் இல்லை. மத்தியில் அதிகாரம் குவிவதைத்தான் ராஜாஜி கடைசி வரை எதிர்த்தார், 1965 மொழிப் போராட்டக் காலத்திலும்கூட. காங்கிரசை எதிர்த்தவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் ஆகிவிட மாட்டார்கள்.

இன்று அப்படி ஒரு கட்சியைத் தொடங்க முடியுமா?

தொடங்கலாம், ஆனால் பதிவு செய்யும்போது சிக்கல் வரும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவுப்படி, கட்சியின் விதிகளில் சோஷலிசக் கொள்கைக்கு விசுவாசமாக இருப்போம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 1989-ல் நடைமுறைக்கு வந்த நிபந்தனை இது. சோஷலிசத்தை எதிர்ப்பதற்காகவே கட்சி தொடங்குபவர் பொய்க் கையெழுத்துப் போட்டால்தான் பதிவு கிடைக்கும். மகாராஷ்டிரத்தில் மிச்சமிருந்த சுதந்திராக்காரர்கள் இதை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றம் வரை போனார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அடிப்படைக் கொள்கைகள் தவிர மற்ற விஷயங்களில் உறுப்பினர்கள் தங்கள் மனசாட்சிப்படி பேசலாம், ஓட்டுப் போடலாம் என்று சுதந்திரா அனுமதித்தது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போடும் உறுப்பினரின் பதவியே போய்விடும். உத்தரவே போடாமல் இருக்க ஒரு கட்சிக்கு இன்றும் உரிமை உண்டு. எந்தக் கட்சியும் அந்த உரிமையைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, மார்க்சிஸ்ட் கட்சி உட்பட.